காதும் காதும்

தயாரிப்பாளரிடமிருந்து குறுஞ்செய்தி:
பதினேழாம் பகுதி, நாலாவது நிமிடம்.
செல்மா அழுகிறாள், பின்னால் லிஃப்ட் ஏறுகிறது.
செல்மா வீட்டில் லிஃப்ட் கிடையாது.

வாஸ்தவம். அவளுக்குக் கடலோர மாளிகை.
எனக்கு த்பிலிசியின் வடக்கு ஓரத்தில் எட்டாவது மாடி,
காசு போட்டால் மட்டும் அசைகிற லிஃப்ட்டை
ஒட்டினாற்போல் ஓர் அறை.
இரண்டு வருடமாக அதற்குள்தான்
துருக்கித் தொடர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும்
ஜார்ஜிய மொழியில் அழுகிறேன்.
மாமியாரும் நானே. மருமகளும் நானே.
அறைவது ஒருத்தி, அறை வாங்குவது ஒருத்தி,
நடுவில் தண்ணீர் குடிப்பது நான்.

முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்றார்கள்.
நூற்று நாற்பது அட்டை.
என் குரலின் எதிரொலிதான் கொஞ்சம் அடங்கியது,
லிஃப்ட்டுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை.

தச்சன் பச்சூக்கி வந்தான்,
அட்டைகளைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான்.
"சத்தம் எடைக்குத்தான் பயப்படும், பஞ்சுக்கு இல்லை.
சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர்.
இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது,
சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய
அண்ணன் தம்பி மாதிரி."

அதற்கு முன் ஓட்டை பார்க்க வேண்டும்.
விளக்கை அணைத்து என்னை உள்ளே நிறுத்தினான்,
டார்ச்சோடு வெளியே சுற்றினான்.
வெளிச்சம் நுழைகிற வழியில் சத்தமும் நுழையும்.
கதவின் அடியில் ஒரு வெள்ளை இழை.
குழாய் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி.
பிறகு, முழங்கால் உயரத்தில்,
பச்சூக்கி நிற்காத பக்கத்துச் சுவரில்
மஞ்சளாக இரண்டு பொட்டு.

பிளக் பாயிண்ட்.
மூடியைக் கழற்றினால் பின்னால் சுவரே இல்லை.
அந்தக் காலத்தில் கட்டியவர்கள்
இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே துளை போட்டிருக்கிறார்கள்.
சுவருக்கும் காது உண்டு என்பது கேள்விப்பட்டதுதான்.
இங்கே என் காதும் நாஸிப்ரோலாவின் காதும்
முதுகோடு முதுகாக,
காதும் காதும் வைத்தாற்போல்.

அவள் பக்கத்து மூடி பாதி உடைந்திருந்தது.
மருத்துவமனையில் இரவு வேலை,
பகலெல்லாம் தூங்குவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.
குனிந்து பார்த்தேன்.
ஒரு நாற்காலி.
ஜன்னலைப் பார்த்து இல்லை, தொலைக்காட்சியைப் பார்த்து இல்லை,
சுவரைப் பார்த்து, சுவரை இடித்துக்கொண்டு.
இருக்கையில் அமுங்கிப்போன ஒரு மெத்தை.

பச்சூக்கியிடம் எதுவும் சொல்லவில்லை.
துளையில் களிம்பை அப்பினான்.
கல்கம்பளி அடைத்தான், கை முழுக்க அரிப்பு.
இரண்டடுக்கு ஜிப்சம், கதவைச் சுற்றி ரப்பர்.
அறை நாலு பக்கமும் ஒரு சாண் சுருங்கியது,
வங்கிக் கணக்கு அதைவிட அதிகம்.

இப்போது உள்ளே உட்கார்ந்தால்
எச்சில் விழுங்குவது கேட்கிறது,
கம்பளிச் சட்டை உரசுவது கேட்கிறது.
தயாரிப்பாளர் ஒரே சொல் அனுப்பினார்: சுத்தம்.

பதினோராம் நாள் லிஃப்ட்டில் அவள்.
கையில் உருளைக்கிழங்குப் பை.
காசை நான் போட்டேன்.

"சுவர் நன்றாகக் கட்டியிருக்கிறான்."
"ம்."
மூன்றாவது மாடி.
"அடுத்த பகுதி ஞாயிற்றுக்கிழமைதானாம்."
"ஆமாம்."
ஐந்து.
"எங்கள் வார்டில் ஆறு பேர் பார்க்கிறார்கள்.
நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், எனக்கு அதில் ஒரு பெருமை.
ஒருத்திக்குச் சனிக்கிழமை அறுவை சிகிச்சை.
செல்மா அவனை மன்னித்தாளா என்று மட்டும் கேட்கிறாள்."

ஒப்பந்தம், மூன்றாம் பக்கம்:
ஒளிபரப்புக்கு முன் ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது.
கீழே என் கையெழுத்து.
மூன்று மாதச் சம்பளம் கொட்டி
அந்த ஒரு சொல்லைத்தான் அடைத்து வைத்திருக்கிறேன்.

ஆறு. ஏழு.
அவள் காதருகே குனிந்து
செல்மாவின் குரலிலேயே சொன்னேன்.

லிஃப்ட் தலைக்கு மேல் கதறிக்கொண்டிருந்தது.
நல்லதாயிற்று.