புள்ளி வட்டம்

தாராவி தொண்ணூறடிச் சாலையில் மாடிமேல் என் கடை.
ஒரு கணினி, பழைய லேசர் பிரிண்டர்,
பேட்டரி செத்த யுபிஎஸ்.
கீழே பட்டாணி வறுப்பவரின் புகை
நாலு மணிக்குமேல் ஏறிவந்து திரையில் படியும்.

நான்காம் வகுப்புத் தமிழ், அரையாண்டுத் தேர்வு.
ஜெபக்கனி டீச்சர் கைப்பட எழுதிய மூன்று பக்கம்.
அடித்தேன், இரண்டு தடவை மெய்ப்பும் பார்த்தேன்.
திரையில் சரியாகத்தான் இருந்தது.
இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது இதுதான்:
திரையில் சரியாகத்தான் இருந்தது.

பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
மாஹிமில் ரயிலேறி
பிரபாதேவியில் இறங்கி
ஷிர்கேயின் அச்சகத்தில் கொடுத்தேன்.
இருநூற்றுப் பத்துப் பிரதி.

ஷிர்கேவுக்குத் தமிழ் தெரியாது.
அவருடைய இயந்திரத்துக்கும் தெரியாது.
ஃபாண்ட் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி
நின்றிருக்கலாம்.
நிற்கவில்லை.
கையில் இருந்ததை எடுத்துப் போட்டு
இருநூற்றுப் பத்தும் அடித்துத் தள்ளிவிட்டது.
கட்டுப் பிரிக்காமல்
திங்கள் காலை நேரே பள்ளிக்கூடம் போயிற்று.

கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
நடுவில் நிற்கவேண்டிய எழுத்தைக் காணோம்.
அது நின்றிருக்கவேண்டிய இடத்தில்
புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்.
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி
வரிக்கு ஏழெட்டு வட்டம்,
ஆள் ஒருவரும் வந்து சேரவில்லை.
மெய்யின் புள்ளி தலையிலிருந்து சறுக்கி
பக்கத்து எழுத்தின் தோளில் கிடந்தது.
மதிப்பெண்கள் மட்டும் பத்திரம்.
மூன்றாம் கேள்வி, கோடிட்ட இடம் நிரப்பச் சொல்வது:
அதில் கோடுகள் எல்லாம் பிழையே இல்லாமல் வந்திருந்தன.

டீச்சர் கரும்பலகையில் எழுதத் தொடங்கினாராம்.
அதற்குள் கடைசி பெஞ்சில் இசக்கிராஜ்
தாளில் உள்ள வட்டத்தையெல்லாம்
பென்சிலால் அடைத்துக்கொண்டிருந்தான்,
ஆளுக்கு ஓர் இடம் கொடுப்பதுபோல்.
'கொடியில் பூப்பது எது?'
இது டீச்சர் கேட்டது.
தலையெழுத்து போன கொடிக்கு அவன் ப போட்டு
'பொடியில் பூப்பது எது?' என்றாக்கி
பதிலும் எழுதிவிட்டான்:
தும்மல்.

மறுபடி அச்சடித்த காசு என் காசு. அது போகட்டும்.
இப்போதெல்லாம் அனுப்புமுன்
எழுத்தை முழுக்க வளைகோடாக மாற்றிவிடுகிறேன்.
அப்புறம் அது எழுத்தே இல்லை, படம்.
தேடினால் அகப்படாது,
ஓர் ஒற்றைக்கூடத் திருத்த முடியாது,
ஆனால் எந்த ஊர் இயந்திரத்திலும்
கை கால் முறியாமல் இறங்கும்.

என் பெயர் பொற்குழலி.
ரேஷன் கார்டில் போர்குலலி,
கரண்ட் பில்லில் போர்குலி,
கேஸ் புத்தகத்தில் இன்னும் ஏதோ.
முதலில் அந்த இயந்திரத்தின்மேல் வந்த கோபம்
பில் கட்ட வரிசையில் நின்றபோது கொஞ்சம் இறங்கியது.
தெரியாத எழுத்துக்கு அது
ஒரு வட்டமாவது போட்டு வைத்தது.
என் ழ-வை எடுத்துவிட்டு
ல-வை உட்கார வைத்தவர்கள்
இடம் காலி என்றுகூட யாருக்கும் காட்டவில்லை.

ஷிர்கே இப்போது முதல் தாளை
விளக்கடியில் தூக்கிப் பிடித்து
'தேக் லோ மேடம்' என்கிறார்.
பார்க்கிறேன். முதலில் கொ, அப்புறம் ழ,
மற்றதெல்லாம் பிறகு.

இசக்கிராஜுக்கு டீச்சர் போட்டது
இரண்டுக்கு ஒன்றரை.
தும்மல் பூ இல்லையாம்,
அதற்கு அரை குறைத்தாராம்.