மாறாத படம்

இரவு வேலை முடிந்து
குவிமாடத்தை மூடியாயிற்று.
கண்ணில் மணல், குவளையில் ஆறிய காபி.
அட்டகாமாப் பாலையில் காலை ஏழு;
மடிக்கணினிக்குள்,
ஃபாரோ தீவுகளில் பத்து மணி.
புயலால் பள்ளிக்கூடம் பூட்டு.
ஏழாம் வகுப்பு அவரவர் வீட்டிலிருந்து:
பத்தொன்பது கறுப்புச் சதுரங்கள்,
சதுரத்துக்கு ஒரு பெயர்,
முகம் ஒன்றுகூட இல்லை.

நான் நயரெட்,
தொலைநோக்கி ஓட்டுபவள் என்றேன்.
லாரி ஓட்டுவது போலவா
என்று எழுதிக் கேட்டது ஒரு சதுரம்.
ஏறக்குறைய. ஹாரன்தான் கிடையாது.

பிறகு, எனக்கும் அவர்களுக்கும்
சொந்தமில்லாத ஒரு மொழியில் தொடங்கினேன்:
இதோ, இந்தச் சிவப்பு மூட்டம்
விண்மீன்கள் பிறக்கும் இடம்.
இதோ, குறுக்கே ஓடும் தூசிக் கோடு.
இதோ, சுருண்ட கைகளோடு ஒரு மண்டலம்;
இந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது
உங்கள் தீவு ஆறாத எரிமலைக் குழம்பு.
இதோ இதோ என்று
இருபது நிமிடம்.
ஒரு சதுரமும் அசையவில்லை.

ஒலிவாங்கி திறக்கும் சின்னச் சத்தம்.
காற்று; எங்கோ கூரைத் தகடு
அடித்துக்கொள்கிறது.
ரன்வா.
"உங்கள் படம் மாறவே இல்லை.
முதலில் வந்ததுதான் நிற்கிறது,
உங்கள் பெயரும் ஒரு மலையும்."

ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை?

"இங்கே முப்பத்தொரு நாளாக மேகம்.
வானம் என்றால்
யாராவது சொல்லக் கேட்பதுதானே.
நீங்கள் நன்றாகத்தான் சொன்னீர்கள்."

நான் வாயடைத்திருந்த இடைவெளியில்
ஒரு சதுரம் வெளுத்தது.
ஹனுஸ், மூக்கில் சளியோடு,
ஒரு தாளைக் கேமராவில் ஒட்டிக் காட்டினான்:
காதில் விழுந்ததை வைத்து வரைந்த மண்டலம்.
நீலப் பேனா. எட்டுக் கைகள்.
கணவாய்க்கு இருப்பதுபோல் ஒரு கண்ணும்.
எட்டு அல்ல, கண் இல்லை
என்று சொல்லவேண்டியவள் நான்.
எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேன்.
"எங்களைத்தான். மேகம் தெரிகிறது அதற்கு."

கோப்பை மூடித் திறந்தால்
படம் ஓடியிருக்கும்.
ஆளுக்கொரு தாள் எடுங்கள் என்றேன்.
பெயர்களுக்குப் பின்னாலிருந்து
நோட்டுகள் கிழியும் ஓசை.

வெளியே பாறையில் ஒரு விஸ்காச்சா,
முயலுக்கு அணில்வால் தைத்ததுபோல்,
வெயிலுக்கு முகம் கொடுத்துக்
கண்மூடி உட்கார்ந்திருந்தது.
அதையும் சொன்னேன்,
வாலிலிருந்து தொடங்கி.