மேல்முகாம் பேசவில்லை

மூன்று நாளாய்ப் பேசவில்லை மேல்முகாம்.
கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுக் கூப்பிட்டு
இரைச்சலை மட்டும் பதிவேட்டில் குறித்தது.
நான்காம் நாள், தை விடியலில்,
அப்பர் பவானி கேட்டில் ஜீப் என்னை இறக்கிவிட்டது.
முதுகில் ஏழு கிலோ பேட்டரி,
பையில் பற்றவைக்கும் கம்பி, ஸ்க்ரூடிரைவர், நான்கு பன்.

இங்கே பனி மேலிருந்து விழுவதில்லை.
மண்ணைக் கீறிக்கொண்டு முளைக்கிறது.
விரல்நீளக் கண்ணாடி ஊசிகள்
தலைக்கு ஒரு சிட்டிகை மண் சுமந்து நிற்க,
மிதித்தால் அப்பளச் சத்தம்.
ஓடையோரச் சதுப்பில் ஒரு காட்டெருமை
மூக்கால் புகைவிட்டபடி
என்னை மேலதிகாரி போலப் பார்த்தது.
நின்றேன்.
அது தலையைத் திருப்பிய பிறகே நடந்தேன்.

எட்டு மணிக்கு வெயில் உச்சியைத் தொட்டது.
நான் ஏற, அது இறங்க,
பாதிச் சரிவில் சந்தித்துக்கொண்டோம்.
அதுவரை மனசு ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தது:
குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்து,
கதவைச் சாத்தி,
இரண்டு பேரும் தூங்கியிருந்தால்?

கடைசித் திருப்பத்தில்
தகரக் கூரைக்கு மேல் புகை.
உட்கார்ந்துவிட்டேன். ஒரு பன்னைத் தின்றேன்.

வாசலில் நஞ்சன்,
உதட்டின்மேல் விரல்.
யோகராசு காதருகே வந்தான்:
"செட்டு நல்லாத்தான் இருக்கு சார்.
நாங்கதான் அமத்திட்டோம்.
கரகரத்தா ஓடிருது.
குட்டிக்கு இன்னும் கால் நிக்கல."

பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.
அடுப்புச் சூடு கசியும் பின்சுவரில்
முதுகைச் சாய்த்து ஒரு வரையாடு.
வயிற்றடியில்,
ஈரம் காயாத பழுப்பாய்,
நாலு கால் இருப்பதை
ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது குட்டி.

தேநீர் கொடுத்தார்கள்.
குடித்து முடிப்பதற்குள் ஆறியிருந்தது.

கரண்டு இல்லாத இடம்.
கம்பியை அடுப்பில் காய்ச்சி,
என் செல்போனின் இயர்போனை வெட்டி,
ஸ்பீக்கர் வயரைப் பிரித்து
அதன் இடத்தில் பற்றவைத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
இணைப்பு தளர்வு. சரிசெய்யப்பட்டது.

பழைய பேட்டரியைக் கீழே ஒப்படைக்க வேண்டும்.
அதுவும் ஏழு கிலோ.

கிளம்பும்போது கீழிருந்து அழைப்பு.
ஒரு காதில் அவன், மறுகாதில் நான்.
"மேல்முகாம், கேட்குதா? ஓவர்."
"கேட்குது சார். ஓவர்."
"ஏன்யா கிசுகிசுக்கிற?"

யோகராசு பின்சுவரைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"தொண்டை கட்டிருச்சு சார்.
பனி."