சொட்டுக்கூட வேண்டாம்

என் வேலையே தண்ணீரை விரட்டுவதுதான்.
நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
கயானி ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில்
விடியுமுன் சரளை தூவுகிறேன்.
கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர்களை
நீளக் கழியால் தட்டி உதிர்க்கிறேன்.
நூற்று நாற்பது ஜோடி பூட்ஸ்கள்
தாழ்வாரத்தில் உருகவிட்டுப் போகும் குளத்தை
நாளுக்கு நான்கு முறை ஒற்றி எடுக்கிறேன்.

அப்படிப்பட்டவனிடம்தான்
அவுலிக்கி தன் ஆர்க்கிட்களை விட்டுப்போனாள்.
இடுப்பெலும்பு மாற்றப் போகிறாள்,
மூன்று மாதம் வரமாட்டாள்.
உயிரியல் வகுப்பின் ஜன்னலோரம் பதினோரு தொட்டிகள்.
ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டி
பென்சிலில் எழுதியிருந்தாள்:

வேர் வெள்ளியாக இருந்தால் கொடு.
பச்சையாக இருந்தால் போய்க் காபி குடி.

தூக்கிப் பார், ரெய்யோ. கனத்தால் வைத்துவிடு.

நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால்
கைக்குட்டையால் ஒற்று. அழுகிவிடும்.

குழாயிலிருந்து நேராகக் கொடுக்காதே.
இரவு முழுக்க வாளியில் இருக்கட்டும்,
அதுவும் இந்த அறைக்குப் பழக வேண்டாமா.

பதினோராவது தொட்டியில் மட்டும்:
இதற்கு மார்ச் வரை சொட்டுக்கூட வேண்டாம்.
செத்ததுபோல் இருக்கும். நம்பாதே.

திங்கட்கிழமை காலை ஏழு மணி,
சூரியன் வர இன்னும் மூன்று மணி நேரம்.
தொட்டிகளை ஒவ்வொன்றாய் வாளியில் அமிழ்த்துவேன்.
மரப்பட்டைத் துண்டுகள் குமிழி விடும்.
சாம்பல் வேர்கள் பார்க்கப் பார்க்கப் பச்சையாகும்.
யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.
கீழே கொதிகலன் செருமும்,
அவ்வளவுதான் பதில்.

பதினோராவது
தன் இலைகளை மஞ்சளாக்கி மஞ்சளாக்கிக் கீழே போட்டது.
பெருக்கியது நான்.
டிசம்பர் கடைசியில் மிஞ்சியவை ஏழு குச்சிகள்,
மூட்டு மூட்டாய்ச் சுருங்கி,
நெடுநாள் பத்தியம் கிடந்தவன் விரல்கள்போல.

ஜனவரி. மைனஸ் முப்பத்திரண்டு.
பிள்ளைகளை இடைவேளைக்கு வெளியே விடவில்லை.
ஆறாம் வகுப்பு வெர்னா ஜன்னலோரம் வந்து நின்றாள்.
"எல்லாவற்றுக்கும் கொடுக்கிறீர்கள்,
இது மட்டும் என்ன தப்பு செய்தது?"

நாடாவைக் காட்டினேன். படித்தாள்.
"இது பதில் இல்லையே" என்றாள்.

அன்று மாலை, எல்லோரும் போனபின்,
ஒரு டம்ளர்.
ஒன்றே ஒன்று.
அடுத்த திங்கள் இன்னொன்று.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.

பிப்ரவரியில் குச்சியின் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி.
மொட்டு!
மறுநாள் இன்னொன்று, அப்புறம் மூன்று.
பனி தள்ளும்போது விசிலடித்தேனாம்,
சமையற்காரர் சொன்னார்.
அவுலிக்கிக்குப் போன் போட்டுச் சொல்லவில்லை.
வந்து பார்க்கட்டும் என்றிருந்தேன்.

வந்தாள், கைத்தடியோடு, மார்ச் நான்காம் தேதி.
பத்துத் தொட்டிகளையும் தூக்கிப் பார்த்தாள், தலையாட்டினாள்.
பதினோராவதன் முன் நெடுநேரம் நின்றாள்.
மொட்டு என்று நான் நம்பியவை
அதற்குள் இலை விரித்து,
நூல்போல வேரும் விட்டிருந்தன.

"தண்ணீர் கொடுத்தாயா?"
"இல்லை."
"அப்படியானால் கூரை ஒழுகுகிறது" என்றாள்,
"ஏணியை எடுத்துப் போய்ப் பார்."

பிறகுதான் சொன்னாள்:
குளிர்காலம் முழுக்கக் காயப் போட்டால்
பூக்கும் செடி அது.
இரக்கப்பட்டு ஊற்றினால்
பூவை மறந்து குட்டி போடும்.
இந்த வருடம் பூ இல்லை,
ஐந்து குட்டிகள்.

வேர் விரல் நீளம் வந்ததும் ஒன்றை வெட்டி,
தயிர்க் கிண்ணத்தில் பாசி வைத்து என்னிடம் நீட்டினாள்.
"உன் தண்டனை."

இது மூன்றாவது நவம்பர்.
என் சமையலறை ஜன்னலில் இப்போது நான்கு குச்சிகள்.
நேற்றுக் கடைசி இலையும் விழுந்தது.
பெருக்காமல் விட்டிருக்கிறேன்.
டம்ளரைக் கவிழ்த்து
அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாமல்.

வெளியே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.
ஐந்து மணிக்கு எழுந்து தள்ள வேண்டும்.