மூன்றரை நிமிடப் புயல்

மண்டப வாடகை ஆயிரத்து எண்ணூறு டொலர்.
மார்க்கம் வீதியில் கார் கழுவுமிடத்தில்
புயல் ஒன்றுக்குப் பதினான்கு.
மெழுகும் பூசினால் பதினேழு.

பழைய நாடகம், ஐந்து அங்கம்.
நான்கை வெட்டினேன்.
நாட்டைக் கொடுத்துவிட்டு
வெளியே நிற்கிற கிழவனும் மழையும் மட்டும் மிச்சம்.

ஒரு காட்சிக்கு மூன்று பேர்.
முன்னிருக்கையில் ஒருவர், பின்னால் இருவர்.
நடுவில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு அரசன்.
சாரதி நான், நெறியாளரும் நானே.

குகதாசனுக்கு உதிரிப்பாகக் கிடங்கில் இரவு வேலை.
கிரீடம் வேண்டாம் என்றார்,
கூரையில் இடிக்குதாம்.
சீட் பெல்ட்டே அரச பட்டி.

தூரிகைகள் இறங்கும்.
நீலத் துணிப்பட்டைகள் கண்ணாடியை அறையும்.
அவர் கத்துவார்:
வானமே, கதவைத் தட்டிவிட்டு வர
உனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையா!
முன்னிருக்கைக்காரர் எப்போதும்
கைபிடியை இறுகப் பற்றிக்கொள்வார்.
அதுதான் எங்கள் கைதட்டல்.

எட்டாவது காட்சி. மாசி மாதம், மைனஸ் பதினெட்டு.
நுரை விழுந்த கணத்தில் இயந்திரம் நின்றது.
நான்கு பக்கமும் வெள்ளை.
ஹீட்டரின் முனகல்.
யாரோ எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

கத்துவதற்கு எதிரே ஒன்றுமில்லை.
குகதாசன் கொஞ்சம் காத்திருந்தார்.
பிறகு அதே வசனத்தை
ஆஸ்பத்திரி நடைபாதையில் பேசுகிற குரலில்
சொல்லத் தொடங்கினார்.
கதவைத் தட்டிவிட்டு வர...
முடிக்கவில்லை.

வலப்பக்கத்துப் பெண், பெயர் தெரியாது,
கையுறை ஒன்றைக் கழற்றி
அவர் மடியில் வைத்தாள்.
என் பிரதியில் கையுறை இல்லை.
பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்,
உடனே பார்வையை எடுத்தேன்.

வெளியே தள்ளிவிட்டார்கள். வெயில்.
கதவுகள் உறைந்து திறக்கவில்லை.
நாடகம் முடிந்தும்
அரசனும் குடிமக்களும் நானும்
இருபது நிமிடம் உள்ளேயே.
கையுறை அவரிடம்.
திருப்பிக் கேட்க அவளுக்கும்
கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் உரிமையாளர் வாஹேயிடம் போனேன்.
தினமும் அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்த முடியுமா?
விலைப்பலகையை மேலிருந்து கீழே பார்த்தார்.
பழுதுக்கு நான் காசு வாங்கினதில்லையே, என்றார்.
இரண்டு டொலருக்குச் சம்மதித்தார்.

ஒன்பதாவது காட்சி.
சொன்ன இடத்தில், சொன்ன நொடியில் நின்றது.
நுரை. வெள்ளை.
குகதாசன் அதே தாழ்ந்த குரலில்,
அதே இடத்தில் முடிக்காமல் விட்டார்.
மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஆறு கையுறைகளும் ஆறு கைகளில்.

பின்னால் வரிசையில் நின்ற யாரோ
ஹோர்ன் அடித்தார்.