சாரேமா தீவில் ஒரு தீப்பெட்டி

ஆல்டர் விறகின் அடிப்பக்கம்
சாம்பல் நிறக் கிண்ணங்கள், கடுகில் பாதி.
குச்சிகளைக் கோட்டுப் பைக்குள் கொட்டிவிட்டு
பட்டையோடு பெயர்த்துத்
தீப்பெட்டிக்குள் வைத்தாள் லீவிகா.

மேசைக்கு வருவதற்குள்
மிளகுத்தூளாய்ச் சுருண்டிருந்தன.
ஒரு சொட்டுத் தண்ணீர்.
கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு கிடந்து
வாய் திறந்தன.

சவர பிளேடால் ஒரு சீவல். அயோடின்.
நுண்ணோக்கியடியில்
பைகளின் நுனியெல்லாம் நீலம்.
பையொன்றுக்கு எட்டு வித்து,
எண்ணினாள், எட்டேதான்.

முதல் புத்தகம் மயிர் கேட்டது; இதற்கு மொட்டை.
இரண்டாவதில் பீச் மரத்தில் மட்டுமாம்.
மூன்றாவது பொருந்தியிருக்கும்,
வித்து இன்னும் இரண்டு மைக்ரான்
நீண்டிருந்தால்.

"அந்தக் கட்டையில் மிச்சம் இருக்குமே?"
யூலோ பதில் சொல்லாமல்
அடுப்புக் கதவைத் திறந்து காட்டினான்.

தீப்பெட்டி மேல் எழுதினாள்:
ஆல்டர். அக்டோபர். மழைக்குப் பின்.
பெயருக்கு இடம் விட்டாள்.

அறை என்னவோ
கதகதப்பாகத்தான் இருந்தது.