பாதி வாடகை

"ரெண்டு மாசத்துக்கா?" என்று கேட்டே
பாகலூர் ரோட்டில் ஏழு கதவுகள் சாத்திக்கொண்டன.
எட்டாவது வீட்டில்
நான் இருக்கப்போவது இரண்டு மாதம்,
அட்வான்ஸ் பத்து மாதம்.

ஒன்பதாவதில் வாடகை கட்டுப்படியானது.
குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
"இங்க யாரும்மா வரப்போறா" என்றவர்
என் பின்னாலேயே படியேறி வந்துகொண்டிருந்தார்.
செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல்
இறங்கிவிட்டேன்.

மூக்கண்டப்பள்ளியில் கிடைத்தது
சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை.
ஒரு கட்டில், ஒரு ஃபேன்,
வியாழக்கிழமை மட்டும் தண்ணீர் லாரி.
இரவில் கட்டில் எனக்கு,
பகலில் நாகவேணிக்கு.
தளிப் பக்கத்துப் பெண், போன் கம்பெனியில் நைட் ஷிப்ட்.

முதல் நாள்
தாழ்ப்பாளை நான்கு முறை இழுத்துப் பார்த்தேன்.
வேலைக்குக் கிளம்பியவள் நின்று
ஐந்தாவது முறை தானே இழுத்துக் காட்டினாள்.
தெலுங்கில் என்னவோ சொன்னாள்,
பாதி புரிந்தது.
நட்டு புதிது. அவள் போட்டதாம்.

காலையில் நான் ஷூ மாட்டும்போது
அவள் செருப்பைக் கழற்றுவாள்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அம்மா போனில் கேட்கிறாள்,
"ராத்திரி தனியாவா படுத்திருக்கே?"
தலையணையில் அவளுடைய தேங்காயெண்ணெய்.
ஆமாம் என்பதா
இல்லை என்பதா என்று
கொஞ்சம் நேரமாகிவிட்டது எனக்கு.